இரண்டு அலகு மயில் அட்டை

தவழத் தொடங்கிய மகள் இன்று அலமாரியிலிருந்து இழுத்துக் கிழித்தது நீ அட்டை போட்டுக் கொடுத்த புத்தகத்தின் அட்டையை. பட்டாசு லேபிள் அடித்த வேஸ்ட் ஷீட். கலர் விலகி, மயிலுக்கு இரண்டு அலகு. மை வாசம் இன்னும் லேசாக இருந்தது. உடனே நீதான் நினைவுக்கு வந்தாய்.

சிவகாசி அச்சகத்தில் ஒன்றாக வேலை பார்த்த நாட்களில், மனச்சோர்வோடு வாழ்கிறவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதிய புத்தகங்களைத் தேடித் தேடி வாங்குவாய். எல்லாவற்றுக்கும் இப்படித்தான் அட்டை. கம்பெனி வேனில் தாயில்பட்டியில் ஏறும் அக்கா எட்டிப் பார்ப்பார்.

"என்ன புள்ள, வெடிக் கதையா படிக்கிற?"

"ஆமாக்கா, நமுத்துப்போன வெடியோட கதை."

வேனே சிரிக்கும், நீயும்தான். அந்த நோய் உனக்கும் இருந்தது வேனில் எனக்கு மட்டுமே தெரியும். "மூடி வைக்கிறியே, வெக்கமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெக்கமில்ல புள்ள. வெளக்கம் சொல்லத் தெம்பில்ல."

கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்கவே மாட்டாய். "நல்லாயிட்ட கதை கெடக்கட்டும். நல்லாகாத அன்னைக்கு எப்படி எந்திரிச்சுப் பல்லு தேச்சாகன்னுதான் எனக்குத் தெரியணும்." அங்கேதான் பென்சில் கோடு போடுவாய். பேச்சு வராத நாளில் கோடு போட்டதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாய். அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பார். மாத்திரையும் வேலையும் கிண்டலுமாக நீ நாளைக் கடத்தியது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அத்தனையையும் தாங்கிய உன்னை ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு எதுவுமே ருசிக்கவில்லை. பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அழுதால் எழுந்து போகக் கால் வரவில்லை. "பிள்ள பெத்தவ எல்லாருமா இப்படி இருக்காக?" என்கிறார் மாமியார்.

இன்று மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் நீ கோடு போட்ட பக்கத்தை வாசித்தேன். குளிக்க முடியாமல் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்த பக்கம். பிசைந்த சோறு கணவரின் கையிலேயே நின்றது.

"இது புக்குல உள்ளவருக்கா, ஒனக்கா?"

"எனக்குத்தான்."

கை கழுவிவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். "நாளைக்கே விருதுநகர் போயி டாக்டரப் பாப்போம்."

பால் பாட்டிலோடு உன் புத்தகத்தையும் பையில் வைத்துவிட்டேன். புது அட்டை போடவில்லை. பஸ்ஸில் யாராவது எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். வெளக்கம் சொல்லக் கொஞ்சம் தெம்பு இருக்கு, புள்ள. அது உன்னுடையதுதான்.