நாற்காலி ஆட்டம்

ஆனி 8, ஞாயிறு

இன்று மலருக்குப் பத்து வயது. அவள் அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. தலைத்திவசம் முடியும்வரை வீட்டில் இனிப்பு செய்யக் கூடாது என்பதால், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா தன் வீட்டில் கேசரி கிண்டி எடுத்து வந்தார். "புள்ளைக்கு என்னடி துக்கம், வெளையாட வுடு" என்றார்.

மலர் கேட்டது நாற்காலி ஆட்டம் ஒன்றுதான். இந்தக் கோவில்பத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து வருடா வருடம் அவள் அப்பாதான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று, தட்டில் கரண்டியால் தட்டுவார். சத்தம் நின்றதும் ஓடி உட்கார வேண்டும். ஜெயிப்பது எப்போதும் மலர்தான். "ராசிக்காரிடி ஒன் பொண்ணு" என்பார் என்னிடம்.

இன்று கரண்டியை நான் பிடித்தேன். அவர் நிற்கும் இடத்திலேயே திரும்பி நின்றேன். எதிரே பீரோ கண்ணாடி. அதில் அத்தனை நாற்காலியும் தெரிந்தது. மலர் எந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வருகிறாள் என்பதும் தெரிந்தது.

இத்தனை வருடமும் என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. தட்டிக்கொண்டே இருந்தேன்.

"எவ்ளோ நேரம்மா தட்டுவ, காலு வலிக்குது" என்றாள் மலர். அவள் ஒரு நாற்காலியை நெருங்கியதும் நிறுத்தினேன்.

கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். "பாத்தியாம்மா, அப்பா இல்லாட்டியும் என் ராசி போவல" என்றாள்.

ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

பீரோவை உள் அறைக்குத் தள்ளிவைக்க அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.