சிடியில் வைத்த பொட்டு

அக். 14, வெள்ளி
காலையிலிருந்து தூறல். பழைய கம்ப்யூட்டர் நேற்றே எக்ஸ்சேஞ்சில் வேலூர் போயாச்சு. எல்லாம் அழித்துத்தான் கொடுத்தேன். புதுசில் திரை அகலம், புடவைக் கரை டிசைன் முழுசாகத் தெரிகிறது. சந்தோஷம்.

வாங்க: மவுஸ் பேட், புளி, வீட்டுக்காரருக்கு பி.பி. மாத்திரை.

சந்தவாசல் தறிக்கார அண்ணன் போன். "எம் பெரிய பொண்ணு கல்யாணப் புடவைக்கு நீங்க போட்ட அன்னக் கரையே சின்னவளுக்கும் வேணுமாம்மா. டிசைன் குத்தி வெச்ச ஜக்கார்டு அட்டைய எலி கடிச்சிட்சி. தறியில பாவு நூல ஏத்திட்டு உக்காந்துகினு இருக்கேன்."

நாளைக்கே தருகிறேன் என்றேன். இதுவரை வரைந்தது எல்லாம் இரண்டு சிடியில் பத்திரம். ஒன்று போனாலும் ஒன்று.

அக். 15, சனி
பேஜார். உறையிலிருந்து எடுத்தால், இரண்டு சிடியிலும் பளபளக்கிற பக்கத்தில் சந்தனம், குங்குமம். காய்ந்து ஒட்டிக்கொண்டு. ஆயுத பூஜையன்று இவர் வேலை.

"ஏங்க, அந்தப் பக்கத்தைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும்."

"எனக்கென்ன தெரியும்? மறுபக்கம் உன் கையெழுத்து இருந்தது. அதுமேல எப்படி வெக்கிறது?"

கோபம் வந்தது. முழுசாக வரவில்லை.

நான் சோறு வடிப்பதற்குள் ஒன்றைத் தேங்காய் நார், பாத்திரப் பொடி போட்டுத் தேய்த்தேவிட்டார். வெள்ளையாகக் கீறல். டம்ளர் மூடக்கூட ஆகாது, நடுவில் ஓட்டை.

இன்னொன்றைத் தொடவிடவில்லை. அன்னத்தை மறுபடி வரையலாம், மற்றதெல்லாம்? வரையக் கற்றதிலிருந்து போட்டது அத்தனையும் அதில். பயமாக இருக்கிறது.

அக். 16, ஞாயிறு
நல்ல வெயில். சிடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெதுவாக. இவர் பக்கத்தில், மூச்சுவிடாமல்.

போட்டேன். சுற்றியது, முனகியது, நின்றது. மறுபடி சுற்றியது. பெயர்கள் வரிசையாக வந்தன. அன்னம் திறந்தது. அழுதுவிட்டேன். இவர் பார்க்காத மாதிரி வெயிலில் குடையைத் தேடினார்.

அச்செடுத்துவிட்டு சந்தவாசலுக்கு போன். அண்ணன் இழுத்தார். "கோச்சிக்காதீங்கம்மா. அக்கா கட்னது வேணாமாம், சின்னவ மாத்திட்டா. புதுசா ஒண்ணு போட்டுத் தருவீங்களா?"

இவருக்குத்தான் எரிச்சல். எனக்கு இல்லை. சின்னவளையே அனுப்புங்க, பக்கத்தில் உட்காரவைத்து வரைகிறேன் என்றேன்.

சாயங்காலம், எல்லாவற்றையும் புதுசில் ஏற்றி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். நான் முதன்முதலில் போட்ட மயில் கோழி மாதிரி இருக்கிறது. அழித்துவிடலாம் என்றேன். இவர் மவுஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.