படிக்கட்டில் நின்றவள் சொன்னது

எங்கள் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் இன்று ஷிப்ட் முடிந்து வந்ததும் கழுத்தில் நீ தேய்க்கும் அதே தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். அந்த வாசனைக்கு நான் சட்டென்று திரும்பிவிட்டேன். உன் கட்டில் இப்போது அவளுடையது. நான் ஏன் திரும்பினேன் என்று அவளுக்குப் புரியவில்லை. "இன்னாக்கா, தலவலியா? வேணுமா?" என்று டப்பாவை நீட்டினாள். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உனக்கு எழுதாமல் இருக்கத்தான் இத்தனை நாள் பார்த்தேன்.

இந்த சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் எல்லாரும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீ மட்டும் எந்தெந்த தேசத்துப் படங்களையோ தேடிக்கொண்டிருந்தாய். எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு படத்துல ஒரு கெழவன் சும்மா உருளக்கெழங்கு உரிச்சிக்கினு இருந்தான். அஞ்சு நிமிஷம். பேச்சே இல்ல. எனக்கு அழுக வந்துருச்சு. இன்னாத்துக்கு அழுதேன்னு கண்டுபிடிக்கத்தான் தேடிக்கினு கீறேன்" என்றாய். நிறையப் புத்தகம் படித்தவள் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. உன் பதிலுக்குப் பிறகு அது கொஞ்சம் அடங்கியது.

மாலையானால் அறையிலிருக்கும் ஆறு பேரிடமும் அன்றைக்கு மிஞ்சிய டேட்டாவைக் கேட்டு நிற்பாய். ஒரு கைப்பேசியில் தீர்ந்ததும் அடுத்ததில் ஹாட்ஸ்பாட். ஒரு படம் இறங்கப் பத்து நாள்கூட ஆகும். ஞாயிற்றுக்கிழமை மதியம், துவைத்த துணியெல்லாம் மாடியில் காயும்போது, ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு உன் பழைய லேப்டாப்பைத் திறப்போம்.

ஆங்கில சப்டைட்டில் ஓடும் வேகத்துக்கு எங்களால் படிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் நீயே தமிழில் எழுதினாய். டிப்ளமோ படித்த ஆங்கிலம், பக்கத்தில் ஒரு அகராதி. கம்பெனி பஸ்ஸில் போக வர கைப்பேசியில் தட்டிக்கொண்டே இருப்பாய். முடிந்ததும் எனக்கு அனுப்புவாய். எழுத்துப்பிழை பார்ப்பது என் வேலை. பகலெல்லாம் கம்பெனி லைனில் லென்ஸ் வழியாக சர்க்யூட் போர்டுகளில் பழுது தேடுகிறவள், மாலையில் உன் வரிகளில் தேடினேன்.

அந்தக் கலங்கரை விளக்கப் படம் வந்த நாள் நினைவிருக்கிறது. கறுப்பு வெள்ளை. வடக்கே ஏதோ குளிர்க் கடற்கரை. விளக்குக் காவல்காரனின் மனைவி படியேறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். எங்கள் அறைக் கலாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி இது, அர மணி நேரமா ஒரு பொம்பள படி ஏறிக்கினே கீறா?"

"அங்க படி நெறைய கீது. பேசாம பாரு," என்றாய்.

"நம்ம ஹாஸ்டல் படிய நாலு வாட்டி ஏறினா இதே படந்தான். நீதான் ஹீரோயின், ஒவ்வொரு மாடிக்கும் நின்னு நின்னு வருவியே."

எல்லாரும் சிரித்தோம். நீயும்தான்.

படத்தில், பாதிப் படியில் அவள் நிற்கிறாள். சுவரில் கை வைத்து, சுவரிடமே பேசுகிறாள். கீழே உன் தமிழ் ஓடியது: "படி ஏறினா நெஞ்சு அடைக்குது. யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா என்ன இங்கேருந்து அனுப்பிடுவாங்க."

அந்த வரியை நான் முன்பே பார்த்திருந்தேன். மாற்றச் சொல்லியும் இருந்தேன். 'நெஞ்சு அடைக்குது' என்பது சீரியல் வசனம் மாதிரி இருக்கிறது, அடக்கமாக வேறு ஏதாவது போடு என்றேன். நான் சொல்லும் திருத்தங்களையெல்லாம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறவள், இதற்கு மட்டும் ஒப்பவில்லை.

"வேணாம்டி. அவ அப்படித்தான் சொல்றா."

"நெசமாவே அப்படியேவா சொல்றா?"

"அப்படியேதான்."

அதோடு விட்டுவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து, காலை ஷிப்ட் பஸ்ஸில், வல்லம் வடகால் தாண்டும்போது என் தோளில் சாய்ந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். உன் கைப்பேசி விழுந்துவிடப் போகிறதே என்று எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். ஒரகடத்தில் எல்லாரும் இறங்கும்வரை, நீ விழித்துவிடக் கூடாதென்று தோளைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியை எடுக்க செய்யாற்றிலிருந்து உன் அண்ணன் வந்தார். துணிகளுக்கு அடியில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. இதய வால்வு. இரண்டு வருடம் முந்தைய சீட்டு. "எங்களுக்கும் இதப் பாத்துதாம்மா தெரியுது" என்றார். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போதெல்லாம் மெடிக்கல் டெஸ்டில் வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம் லைனில் எல்லாருக்கும் உண்டு. அது உனக்கு மட்டும் ஏன் அத்தனை பெரிதாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போனால் இந்த அறை இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, படம் இல்லை. லேப்டாப்பை அவர் எடுத்துப்போகவில்லை. "இதுல இன்னா கீதுன்னு எங்களுக்குத் தெரியாது. நீயே வெச்சிக்க" என்றார்.

நீ இல்லாத ஞாயிறுகளைத் தள்ள முடியாமல், நீ படங்களைத் தேடி எடுத்த இணையக் குழுவில் சேர்ந்தேன். கலங்கரை விளக்கப் படத்துக்கு நல்ல பிரதி கிடைக்குமா என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். இந்தப் படத்துக்கு எந்த மொழியிலும் சப்டைட்டில் கிடையாது என்று ஒருவர் பதில் எழுதினார். நான் நம்பவில்லை. எங்களிடம் இருக்கிறதே, நாங்கள் படித்தோமே. பல வாரம் கழித்து, அந்த மொழி தெரிந்த ஒரு முதியவர் வசனங்களை முழுக்கக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்.

படிக்கட்டுக் காட்சியைத்தான் முதலில் தேடினேன். அவள் சொல்வது இவ்வளவுதான்: விளக்குக்கு எண்ணெய் குறைந்துவிட்டது. படகு வெள்ளிக்கிழமைதான் வரும்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேறு காட்சியின் வசனமாக இருக்கும் என்று நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே இடம்தான். மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்; அந்தப் படத்தில் ஒரு வரிகூட நீ மொழிபெயர்த்ததில்லை. வாய் அசைவதைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, நீயே எழுதியிருக்கிறாய். எழுதி, எனக்கு அனுப்பி, நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாய்.

எனக்காகத்தான் எழுதினாயா? இல்லை, அந்த முகத்தில் உனக்குத் தெரிந்தது அவ்வளவுதானா? உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்? லேப்டாப்பில் உன் தமிழோடு இன்னும் பதின்மூன்று படங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆறுக்கு ஆங்கிலம் எங்கேயும் அகப்படவில்லை. தெரியாத ஆட்களுக்கெல்லாம் எழுதிக் கெஞ்சுகிறேன். ஒரு படத்தில் ஒரு பெண் ரயிலடியில் நின்று, "உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்" என்கிறாள். அது அவள் சொன்னதா, நீ சொன்னதா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அறைக்குப் புதிதாக வந்தவள் படம் போடச் சொன்னாள். என்னிடம் இப்போது சரியான வசனம் இருக்கிறது. ஆனாலும் உன் தமிழைத்தான் ஓடவிட்டேன். கலாவும் உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டுக் காட்சி வந்தது. புதியவள் உன் வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"ஐய, இவளுக்கு ஒடம்பு முடியலக்கா. ஆஸ்பத்திரிக்கி யாரும் இட்டுக்கினு போவ மாட்டாங்களா?"

"யாருக்கும் தெரியாது. சொல்லக்கூடாதுன்னு இருக்கா," என்றேன்.

"அதான் சொல்லிக்கினு கீறாளே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு மீதிப் படத்தைப் பார்த்தாள். வந்து பதினைந்து நாள்கூட ஆகாத பெண், இரண்டு வரி படித்ததும் கேட்டுவிட்டாள். மூன்று வருடம் உன் பக்கத்தில் படுத்திருந்த நான் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கவில்லை. சரி என்று உனக்குப் பதில் அனுப்பினேன்.