கோழிக்கோடு பதிப்பு

புதன்கிழமை, மட்டாஞ்சேரி. என் சிநேகிதி பாகீரதி போன மாதமே திருப்பூணித்துறையில் இறந்துவிட்டாள்.

பிராட்வே கடைத்தெருவில் அவள் மகள் அம்ருதாவைப் பார்த்தேன். "பேப்பர்ல போட்டிருந்தோமே மாமி, எல்லாரும் வந்தா. அம்மாவோட பிணக்கம் இன்னும் தீரலையோன்னு நெனச்சேன்" என்றாள். எங்களுக்குள் பேச்சு இல்லைதான். அதற்காக இதற்குப் போகாமல் இருப்பேனா?

வந்ததும் டேப்லட்டைத் திறந்தேன். பேப்பரை நிறுத்தியதிலிருந்து நாம் இதில் படித்து வந்தது நம் ஊர்ப் பதிப்பு இல்லை, கோழிக்கோடு பதிப்பு. தினமும் யார் யாருடைய மரணச் செய்தியையோ பெரிதாக்கிப் பார்த்திருக்கிறோம். உலகமே கைக்குள் வந்துவிட்டது என்றீர்கள். திருப்பூணித்துறை வரவில்லை.

துக்கம் கேட்கப் போகிறேன். சாம்பார் மேடையில் இருக்கிறது, சாதம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர்காரரிடம் சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து போடுவார்.