பிரேக்கின் மேல் குழவிக்கல்

3 அக்டோபர் 1992, சனி

புரட்டாசி மூன்றாம் சனி. அத்தான் சங்கிலிப்பாண்டி, மில் முதலாளி வீட்டாரை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு ஏற்றிப் போய் வந்தார். கார் எங்களுடையது, செகண்ட் ஹேண்ட் மாருதி. சீட்டும் எங்களுடையதுதான். ஆனாலும் முதலாளியம்மா தன் துண்டை விரித்துத்தான் உட்காருவார். நாங்கள் உட்கார்ந்த சூடு ஒட்டிக்கொள்ளும்போல.

பிரேக் போட்டால் கார் கீச்சென்று கத்துகிறது.

"மாப்பிள, கோயில் ரோடு பூராம் சனம் நடந்து வருது. ஒருத்தர் மேல பட்டாலும் நான் செத்தேன். அடுத்த சனிக்கும் அவிய நம்ம வண்டியத்தான் சொல்லிருக்காவ."

ஒர்க்ஷாப்பில் விடலாம் என்றார். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டே தேய்கிற நான் எதற்கு இருக்கிறேன்? "நானே பாக்கேன்" என்றேன். பாலிடெக்னிக்கில் நாங்கள் கழற்றிப் படித்தது டிஸ்க் பிரேக் இல்லாத பழைய அம்பாசடர் என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

4 அக்டோபர், ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! முன் சக்கரம் இரண்டிலும் டிஸ்க்கை உரசி நிறுத்துகிற பிரேக் பேடு தேய்ந்து வெறும் தகடாகிவிட்டது. புதிதாக வாங்கி இடது பக்கம் மாட்டினேன். அதற்குள் இருட்டிவிட்டது. வலது பக்கம் நாளைக்கு. இதற்குப் போய் ஒர்க்ஷாப்பாம்!

5 அக்டோபர், திங்கள்

ஆயுத பூஜை. வலது சக்கரம் இல்லாமல் கார் கல்மேல் நிற்கிறது. அக்கா சுடலையம்மாள் என் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு ஆயுதத்தத் தொடப்படாதுல. அதுவும் செத்த நேரம் ஒறங்கட்டும்."

"ஒங்க சரஸ்வதிக்கு டிஸ்க் பிரேக் தெரியுமா?"

"ஒனக்குத் தெரியுமாலே?"

பொரியை அள்ளித் தின்றேன். கறுப்புச் சட்டையில் பொரி சிந்தினால் நன்றாகவே தெரிகிறது.

ஸ்பானர், ஜாக்கி, மீதிப் புதுப் பேடு இரண்டு எல்லாம் வாழையிலையில் வரிசையாக. மில்லில் இன்று மெஷினுக்கு ஆளுயர மாலை. ஓட்டுகிறவனுக்கு ஒரு பொட்டலம் பொரி.

6 அக்டோபர், செவ்வாய்

வலது பக்கமும் மாட்டி முடங்கியாறு ரோட்டுக்குக் கிளப்பினேன். பிரேக்கை மிதித்ததும் கார் இடது பக்கம் வெட்டி இழுத்துக்கொண்டு டீக்கடை வாசலில் போய் நின்றது. பெஞ்சிலிருந்த பொன்னுராஜ் அண்ணாச்சி காலைத் தூக்கிக்கொண்டார்.

"ஏலே சமுத்திரம், டீ வேணும்னா எறங்கி வந்து கேளு!"

வலது பக்கப் பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்துப் பக்கம் நட்டைத் திறந்து மூட வேண்டும். யாரிடமும் உதவி கேட்கிற பழக்கம் எனக்கு இல்லையே. அடுப்படியிலிருந்து குழவிக்கல்லைத் தூக்கி வந்து பெடல் மேல் வைத்தேன். நட்டைத் திறந்தேன். ஆயில் முகத்தில் பீய்ச்சியது, கல் இறங்கியது. இறங்கிய கல் தானாக ஏறுமா? ஏறிப்போய் எடுத்துவிட்டேன், நட்டை மூடாமலே. இல்லாத காற்றெல்லாம் உள்ளே போனது. இப்போது பெடல் தரை தட்டுகிறது.

ஒரு பக்கம் மட்டும் பிடித்த பிரேக்கை எந்தப் பக்கமும் பிடிக்காமல் ஆக்கிவிட்டேன். சமத்துவம்.

7 அக்டோபர், புதன்

முதலாளி வீட்டு ஆள் வந்து சனிக்கிழமையை நினைவுபடுத்திப் போனான். அத்தான் "சரி" என்றார். எந்தக் காரை நம்பி?

8 அக்டோபர், வியாழன்

அக்கா கல்லைத் தேடி வந்தாள். "அரைக்கலாம்னு பாத்தா அது கார் ஓட்டப் போயிருச்சா?" வேறு வழியில்லாமல் அவளை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். அவள் அங்கே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"அமுக்கு... அப்பிடியே பிடி... இப்ப விடு."

நட்டில் செருகிய டியூப் வழியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. பிறகு வெறும் ஆயில். பெடல் கல் மாதிரி நின்றது. அவளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். நாலைந்து தடவை பிரேக் போட்டேன்.

அப்போதும் இடது பக்கமே இழுக்கிறது! கம்பெனிக்காரன், மில்காரன், முனிசிபாலிட்டி ரோடு, ஒருவரை விடாமல் திட்டியபடி வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கிய அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சந்தன வாசம் அடிக்குல! ஆத்தா வண்டில எறங்கிட்டா!"

மோந்து பார்த்தேன். ஆத்தா வலது சக்கரத்தில் இறங்கியிருந்தாள்.

கழற்றினால் பேடின் உரசும் பக்கம் முழுக்க நல்லெண்ணெய். அதன் மேல் சந்தனம் வெந்து கருகிப் பிடித்திருந்தது. பூஜை இலையிலிருந்து எடுத்ததைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மாட்டியிருக்கிறேன். இடது பக்கம் ஞாயிற்றுக்கிழமையே மாட்டியதால் பூஜைக்குத் தப்பிவிட்டது.

கத்தினேன். "எண்ணெய் பட்டா பிரேக் எப்பிடிப் பிடிக்கும்? அறிவில்ல?"

"எந்தப் பக்கம் ஒரசும்னு நீ சொன்னியாலே? சொரசொரன்னு கெடந்துச்சு, மழமழன்னு ஆகட்டும்னு நல்லாத் தேச்சேன்."

சொல்லவில்லைதான். 'சொன்னா ஒனக்கு வெளங்குமா' என்று மில் சூப்பர்வைசர் தொழிலாளியைக் கேட்பதை எத்தனை பேரிடம் சொல்லிக் கொதித்திருக்கிறேன்! அக்காவிடம் நான் அதைக்கூடக் கேட்டதில்லை. பேடு எங்கே உரசும், எப்படி நிற்கும் என்று இன்று காட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

9 அக்டோபர், வெள்ளி

தேய்த்தும் கழுவியும் பார்த்தேன். பேடு எண்ணெயைக் குடித்துவிட்டது, இனி உதவாது. வேறு வாங்கி மாட்டினேன். டிஸ்க்கைப் பெட்ரோல் விட்டுத் துடைத்தது அக்கா. டீக்கடை முன்னால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மிதித்தேன். கோடு போட்டது போல் நேராக நின்றது. அண்ணாச்சி அப்போதும் காலைத் தூக்கிக்கொண்டார்.

10 அக்டோபர், சனி

அத்தான் சாயங்காலம் வரும்வரை வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். வந்தார். வெயில், கூட்டம், புளியோதரையில் உப்பு இல்லை, எல்லாம் சொன்னார். பிரேக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானே கேட்டேன்.

"அடிவாரத்துல ஒரு பிள்ள பலூன் பின்னால ஓடி வந்துச்சு. நின்னுருச்சு."

"பிள்ளையா, காரா?"

"ரெண்டும்."

சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சிரித்தார். "நின்ன வேகத்துல முதலாளியம்மா துண்டு நழுவிக் கீழ விழுந்துருச்சு. பொறவு வெறுஞ்சீட்டுலதான் வந்தாவ."

15 நவம்பர், ஞாயிறு

வ. புதுப்பட்டியிலிருந்து ஒருவர் தன் மாருதியை ஓட்டி வந்தார். "இங்க பிரேக் பாக்காவளாமே?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள்: "எந்தப் பக்கம் இழுக்கு?"

அவர் பதிலை என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அக்காகிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஜாக்கி எடுக்கப் போனேன்.

குழவிக்கல் இப்போதெல்லாம் அடுப்படியை விட்டு நகர்வதில்லை.