இருபத்திரண்டு கூடையிலும் மஞ்சள்

குணவதி,

நேற்று மாலை கூடைகளைச் சந்தைக்குக் கட்டும்போது வீட்டில் இருந்தவர்கள்: நீ, உன் அண்ணன் கார்த்திகேசு, பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி அக்கா. நான் மாட்டுவண்டி பேசப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், இருபத்திரண்டு பிரம்புக் கூடையிலும் ஈர மஞ்சள் பொட்டு. தேங்காய் நாரால் தேய்த்துவிட்டேன், போகவில்லை.

“புதுச் சாமான் மாப்பிள்ள, பொட்டு வைக்காம வாசப்படி தாண்டலாமா?” என்று என்னையே கேட்கிறார் உன் அண்ணன். மஞ்சளைக் குழைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. உன் விரலைப் பார்த்தேன்.

இவை இன்று விற்றால்தான் கூடை முடைவதும் வேலை என்று உங்கள் வீட்டில் ஒப்புவார்கள். ஆலையில் ராத்திரி வேலையை நான் விட்டது விட்டதுதான். நேற்று ராத்திரி உன் அண்ணன் என்ன சொன்னார், கேட்டாயல்லவா? “ஆலையில ஆள் எடுக்கற கிராணி நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும்தான் இருப்பாருலா. நீ வராட்டி உன் பேருல நானே ஒத்துக்கிட்டு வந்துடறேன்.”

பொட்டுகளைப் பின்பக்கம் திருப்பி வைத்து விற்பேன்.

சட்டியில் மீன் குழம்பு இருக்கிறது, மதியத்துக்குச் சுட வை.

நீ குழாயடியிலிருந்து வரும்வரை வண்டி நிற்காது. சாவி அக்காவிடம். பத்தரைக்குமேல்தான் தருவார். அதுவரை அங்கேயே பசியாறு.

நீ கைப்பிடி சுற்றிய கூடைகளை முன்வரிசையில் வைப்பேன். கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே.

உன் அண்ணன் இன்னும் உள்ளே குறட்டை விடுகிறார். எழுந்து கத்தினால் கத்தட்டும். கதவை வெளியே பூட்டிவிட்டேன்.

ராமதாஸ்