வளரும் எண்ணெய்க்கறை

மயூர் விஹார், தில்லி
நவம்பர் 16

அன்புள்ள கவிதாவுக்கு,

எனக்கு இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளை ஜெயபாலும் கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போது தினமும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடும்படி நீ கேட்டு மூன்று மாதம் ஆகிறது. பெயின்டர் குணாவை நான் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டேன். காரணம் போனில் சொல்ல வரவில்லை. நீ தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவள் என்பதால் வகுப்பில் செய்ததுபோல முதலில் எண் போட்டுத் தருகிறேன். உயிருள்ளவற்றைக் கட்டும் பெருமூலக்கூறுகள் நான்கு வகை என்று முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். அம்மா போய் இரண்டு வருடமாகியும் அந்த நான்கும் என்னைச் சுற்றி இருக்கின்றன. நான் கிளம்பாததற்குக் காரணங்கள் அவைதான்.

1. மாவுச்சத்து: பீரோவில் இருக்கும் புடவை.
2. புரதம்: சீப்பில் இருக்கும் முடி.
3. கொழுப்பு: சுவரில் இருக்கும் கறை.
4. நியூக்ளிக் அமிலம்: நீ.

முதலாவது, அம்மா கடைசியாகக் கஞ்சி போட்டு மடித்த சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை. மடிப்பு இன்னும் விறைப்பாக நிற்கிறது. இது சரியா தப்பா என்று தெரியவில்லை, போன மாதம் மருந்துப் பெட்டியிலிருந்த அயோடினில் ஒரு சொட்டை அதன் உள்தலைப்பு ஓரத்தில் விட்டேன். உடனே கருநீலமாக மாறியது. அவள் வடித்த சோற்றின் கஞ்சி அங்கே அப்படியே இருக்கிறது. புடவையைக் கறையாக்கியதற்காக அன்று முழுவதும் அவள் கோபித்துக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது, சமையலறைப் பக்கம் திரும்பாமல் பிரெட் சாப்பிட்டேன். இரண்டாவது, அவளுடைய மரச்சீப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் பதினொரு முடிகள். முடி முழுக்கப் புரதம், லேசில் அழியாது. வாரத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன். பதினொன்றுதான்.

மூன்றாவதுதான் முக்கியம், அதனால்தான் குணாவுக்கு வேலை இல்லை. பால்கனிக் கதவை ஒட்டிப் பிரம்பு நாற்காலியில் அம்மா வெயில் காய்வாளே, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அங்கே அவள் தலை எண்ணெய் படிந்த கறை இருக்கிறது. கொழுப்பு இந்த வரிசையில் உட்கார வேண்டியதே இல்லை என்று சுபிக்ஷா என்ற மாணவி ஒருமுறை எழுந்து கேட்டாள், மற்ற மூன்றிலும் சின்ன அலகுகள் சங்கிலியாகச் சேருகின்றன, இதில் எந்தச் சங்கிலி சார் என்று. உட்காரம்மா என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டது சரி. அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை. இப்போது சொல்வதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. அந்தக் கறை வளர்கிறது. அம்மா போன தேதியில் மாதாமாதம் பென்சிலால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். முதல் கோடு என் உள்ளங்கை அகலம், இப்போது இரண்டு உள்ளங்கை. தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டுகிறது. போனவளின் எண்ணெய் எப்படி ஊறும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. குணா பார்த்துவிட்டு, சார் ரெண்டு கோட் பிரைமர் போட்டா ஜல்தி மறைஞ்சிடும், கேரண்டி என்றான். வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அடுத்த தடவை சுவர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டுக் கூப்பிடுங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான்காவது நீ. அம்மாவில் பாதி உன் ஒவ்வொரு செல்லிலும் எழுதியிருக்கிறது. வீடியோ காலில் நீ சார்ஜரைத் தேடித் திரும்பும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாய். அந்த நேரத்தில் திரையில் இருப்பது நீ இல்லை. நெட் போய்விட்டது என்று நான் பாதியில் வைப்பதெல்லாம் பொய், கவிதா. தினமும் அங்கே உன் வீட்டில் அந்த முகத்தை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் போதுமா என்று தெரியவில்லை.

மற்றபடி எல்லாம் வழக்கம்போல. அம்மா போனதிலிருந்து அவள் வாங்கும் அதே தேங்காயெண்ணெயைத்தான் நானும் தடவுகிறேன், இல்லாவிட்டால் தலை வறண்டுபோகிறது. அவள் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்க முடியாமல் சாயங்காலத்தில் நானே அதில் உட்கார்ந்துகொள்கிறேன். மேல்வீட்டு உமாமகேஸ்வரி நேற்று ரசம் கொண்டுவந்தவள், என்ன அங்கிள், எல்லாரும் நெத்தியில திருநீறு பூசுவாங்க, நீங்க பின்மண்டையில பூசறீங்க என்று சிரித்தாள். பொடுகாக இருக்கும். நீ வைட்டமின் டி மாத்திரையை மறக்காமல் போடு. காரில் கம்பளி ஒன்று எப்போதும் இருக்கட்டும். நீங்கள் இருவரும் நீண்ட நாள் குறையில்லாமல் வாழ வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜோதிலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். உமாமகேஸ்வரி சொன்னது நினைவு வந்து பின்மண்டையைத் தடவினேன். விரலில் வந்தது பொடுகு இல்லை, சுவரின் டிஸ்டெம்பர் தூள். எழுந்து கறையின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன், நாற்காலியில் சாய்ந்தால் சரியாக என் தலை படும் இடம். அம்மா என் தோளுக்குத்தான் வருவாள். முதல் கோட்டுக்குள் அடியில் இருக்கும் சின்ன வட்டம் மட்டும் அவளுடையதாக இருக்கலாம். அதற்கு மேல் இரண்டு வருடமாக வளர்ந்தது முழுக்க என் தலை. அவள் வைத்துப்போனதையும் நானே மூடிவிட்டேன். நீ பிறப்பதற்கு முன்னிருந்து பரிசோதனை சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தோன்றவில்லை. குணாவை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். புடவையும் சீப்பும் கைப்பெட்டியில் அடங்கும், நான்காவது அங்கேயே இருக்கிறது. மூன்றாவதாக எழுதியது தவறு. அதை நீயே அடித்துவிடு.